பிலிமா, புருஷனா?

“மறுபடி சிகரெட்டைத் தொட்டீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் கணவரின் நீலச் சட்டை, பிளாஸ்டிக் உறைக்குள்.

“சத்தியமா இல்ல. விட்டு ரெண்டு மாசம் ஆச்சே! என்ன ஆச்சும்மா?” கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தார் அவர்.

கொட்டித் தீர்த்தாள். ஆய்வகத்தில் அவள் செய்திருப்பது வெள்ளித் துகள் கலந்த மெல்லிய பிலிம். அதைத் துணியில் ஒற்றி எடுத்து லேசர் ஒளி காட்டினால் போதும். துளி நிகோடின் இருந்தாலும் திரையில் கோடு எழும்பும். வியர்வை, சென்ட், சமையல் புகை எதையும் சட்டை செய்யாது. இன்று அவள் ஆய்வு வழிகாட்டி மேடம் முன்னால் பரீட்சை. நிகோடினே படாத துணி என்று அவள் நம்பிக் கொண்டுபோனது இவர் சட்டையை.

“கோடு உச்சிக்கு ஏறி நிக்குது! எல்லாரும் சிரிக்கிறாங்க. ‘தப்பு பிலிம் மேலயா, வீட்டுக்காரர் மேலயா? காலைல சொல்லு’ன்னுட்டாங்க மேடம்.”

“பிலிம் மேலன்னா?”

“குப்பைக்குத்தான். நாலு வருஷ உழைப்பு.”

அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனுஷன். காது சிவக்கவில்லை. அவள் கோபம் வந்த வழியே போய்விட்டது.

“சரி விடுங்க. நீங்க இல்லைன்னா இல்லதான். பிலிம்தான் தப்புன்னு சொல்லிடறேன்.”

அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சட்டையில எந்த இடத்துல ஒத்தி எடுத்தே?”

“இடது கை. தோளுக்குக் கொஞ்சம் கீழ.”

“உன் பிலிம் தங்கம். அதுவும் பொய் சொல்லல, நானும் சொல்லல.”

சட்டைக் கையை மேலே சுருட்டினார். இடது புஜத்தில் ஓரம் கிளம்பிய ஓர் ஒட்டுப்பட்டை. சிகரெட்டை விடத் தவிப்பவர்களுக்கு மருந்துக்கடையில் தருகிற நிகோடின் பட்டை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இதைப் போய் ஏங்க மறைச்சீங்க?”

“உங்க அண்ணன்கிட்ட, ‘நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், மறுநாளே தூக்கிப் போட்டுட்டார்’னு அவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல. பரவால்ல, காலைல மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடு. என் பேர் போனாப் போகட்டும், உன் பிலிம் பிழைக்கட்டும்.”