ரெண்டு விரல் இடம்

"கழுத்துன்னு ஒண்ணு இருக்காய்யா உமக்கு?" என்றார் டாக்டர் ராமப்பன்.

ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்த லால் பாஷா சிரிக்கப் பார்த்தான். "குடும்ப வாகு சார். எங்க வம்சத்துல தலையை நேரா தோள் மேல வெச்சு வெல்டு அடிச்சுட்டாங்க. டெய்லர் காலர் வைக்க எடம் தேடுவாரு."

ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன் அவன். பயம் வந்தால் கை கால் நடுங்காது, வாய் நிற்காது. இன்று விடிந்ததிலிருந்து நிற்கவேயில்லை. நேற்று மழித்த மொட்டைத் தலைமேல் ஏ.சி. குளிர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பவளம் குனிந்தார். "உங்க சம்சாரம் ஷரீஃபுன்னிசாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?"

"டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொன்னேன் மேடம். நெசத்தைச் சொன்னா அழும். நேத்து இந்த மொட்டையைப் பார்த்தே அழுதுச்சு. அப்புறம் சிரிச்சிடுச்சு."

பவளம் நிமிர்ந்து விளக்குப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

பெங்களூரில் எடுத்த ஸ்கேன் படம் விளக்குப் பெட்டியில் தொங்கியது. கட்டி பின்மண்டையில், இடது காதுக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவு. தலையை வலப்பக்கம் நன்றாகத் திருப்பி, தாடையைத் தாழ்த்தினால்தான் கத்திக்கு வழி. கழுத்தோ இந்த லட்சணம்.

"கேட்டுக்குங்க," என்றார் பவளம். "மூளைக்குப் போன ரத்தம் கழுத்துல இருக்கிற குழாய் வழியாத்தான் கீழே எறங்கணும். கழுத்தை முறுக்கினா அந்தக் குழாய் நசுங்கிடும். மேலே போற ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், எறங்க வழி இருக்காது. மண்டையைத் திறந்தா மூளை பூரி மாதிரி உப்பிக்கிட்டு வரும். அப்புறம் யார் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது."

"புரியுது மேடம். லேத்துல கூலன்ட் தண்ணி திரும்பி எறங்குற பைப் மடங்கிக்கிட்ட மாதிரி. ட்ரே வழிஞ்சு கால்ல ஊத்தும்."

"அதேதான். மயக்கத்துல இருக்கிறவங்க காது அடைக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. அதனாலதான் முழிச்சிருக்கிறப்பவே பார்க்கிறோம். உள்ளதை உள்ளபடி சொல்லணும்."

"சரியான வாட்டம் கிடைக்கலேன்னா நான் கத்தியைத் தொட மாட்டேன்," என்றார் ராமப்பன். "மெட்ராஸுக்குத்தான் எழுதிக் கொடுப்பேன். அங்கே எப்போ இடம் கிடைக்குமோ."

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா சார்?"

ராமப்பன் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சமா திரும்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். தாடையைத் தாழ்த்துங்க."

தாடை வலது தோளெலும்பில் போய் இடித்தது.

"எப்படி இருக்கு?"

"ஓகே சார்!"

சூப்பர்வைசர் எதைக் கேட்டாலும் தானாக வந்து விழும் பதில் அது. மோட்டார் புகைந்துகொண்டிருந்தாலும் சிப்காட்டில் ஓகே சார்தான்.

பவளம் அவன் கழுத்தில் விரல் வைத்தார். "எது ஓகே? குழாய் தாம்புக்கயிறு மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்குது. மூஞ்சி செங்கல் ஆயிடுச்சு. காதுல என்ன கேக்குது?"

"...எங்க கம்பெனி பிரஸ் ஷாப் ஓடுது மேடம். டம் டம்னு."

"அப்புறம் எதுக்குய்யா ஓகே சொன்னீர்?" என்று கத்தினார் ராமப்பன்.

"இல்லேன்னா ஆபரேஷனே வேணாம்னுடுவீங்களே சார்!"

சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக வாய் நின்றது.

பவளத்தின் குரல் இறங்கியது. "நீங்க சொல்ற பொய் ஓகேயில ஒரு உசுரு இந்த மேஜையிலேயே போயிடும், லால் பாஷா."

அவன் கண்ணை மூடித் தலையாட்டினான். ஆட்டுவதற்கும் கழுத்தில் இடமில்லை.

இடது தோளுக்கடியில் ஒரு தலையணை செருகினார்கள். சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.

"இப்போ?"

நாக்கு நுனிவரை 'ஓகே' வந்துவிட்டது. அதை விழுங்கினான். "ஓகே இல்ல சார்."

ராமப்பன் உதட்டைக் கடித்தபடி ஸ்கேன் படத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "கழுத்தைத் திருப்பினாத்தானே வம்பு? ஆளையே திருப்புவோம்."

இடுப்புக்கடியில் இன்னொரு தலையணை வந்தது. உடம்பு மொத்தமும் பக்கவாட்டில் சாய்ந்தது. மேஜையின் தலைமாட்டை உயர்த்தினார்கள். கழுத்து முறுக்கு விட்டுத் தளர்ந்தது. பவளம் அவன் தாடைக்கும் தோளெலும்புக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்தார். இடிக்காமல் போய் வந்தது. புடைத்திருந்த குழாய் இருந்த இடம் தெரியாமல் அடங்கியது.

"பிரஸ் ஷாப்?"

"ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க மேடம்."

"நெசமா?"

"அல்லா மேல ஆணை."

ராமப்பன் அவன் காதுக்குப் பின்னால் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். "எனக்கும் வழி கிடைக்குது. இதான் வாட்டம்."

தலையணைகள் இருந்த இடத்திலெல்லாம் மேஜை ஓரத்தில் பிளாஸ்டர் துண்டு ஒட்டி அடையாளம் வைத்தார் பவளம். "சரி, எறங்குங்க லால் பாஷா. விரிப்பை மாத்தணும்."

கதவு திறந்து சக்கர நாற்காலி உள்ளே வந்தது. படுத்தாலே வாந்தி வருகிறதென்று நோயாளியை உட்கார வைத்தே தள்ளி வந்திருந்தார்கள். அவன் மனைவி, சொந்த மாமன் மகள் ஷரீஃபுன்னிசா, இன்னொரு மொட்டைத் தலையும் அதே இல்லாத கழுத்துமாக அவனை முறைத்தாள்: "டீ குடிக்கப் போறேன்னுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"உனக்குப் படுக்க வாட்டமா இருக்குமான்னு படுத்துப் பார்த்தேன்," என்றான் லால் பாஷா. "ஓகே. நெசமாவே ஓகே."