ஊருக்குப் போன ஓட்டு

"சாட்சிக் கையெழுத்துதான் கேக்கறேன் எஃப்ராயின். உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?" என்று தபால் ஓட்டு உறையை நீட்டினார் நோர்பர்ட்.

எஃப்ராயின் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ்; அவருக்குப் பேச வருமே தவிர, படிக்க வராது. பொக்கெத்தே மலையூரில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நோர்பர்ட் அமெரிக்காக்காரர், விஸ்கான்சினில் ஏதோ ஒரு சின்ன ஊர். மனைவி போனபின், பனி கொட்டும் அந்த ஊருக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் பனாமாவுக்கு வந்து, நிரந்தரமாக வீடு கட்டிக்கொண்டவர்.

"யாருக்குப் போட்டிருக்கீங்க மிஸ்டர்?"

"அதக் கேக்கக் கூடாது. ரகசிய ஓட்டு" என்றார் நோர்பர்ட். "ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க ஊரோட எதிர்காலமே இதுலதான் இருக்கு. தேர்தல் முடியறதுக்குள்ள இந்த உறை போய்ச் சேரலேன்னா, குப்பைத் தொட்டிதான்."

அவ்வளவு போதும் எஃப்ராயினுக்கு. ஓட்டு என்பது அவருக்கு விளையாட்டு அல்ல. ராணுவம் நாட்டை ஆண்ட காலத்தில், போட்ட ஓட்டை எண்ணி முடிப்பதற்குள் தேர்தலே செல்லாது என்று அறிவித்ததைக் கண்ணால் பார்த்தவர். ஏன் என்று கேட்கத் தெருவுக்கு வந்த அவருடைய அண்ணனுக்கு, வாங்கிய அடியில் இன்றுவரை ஒரு காது கேட்பதில்லை.

அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு உதவி" என்றார் நோர்பர்ட். "இங்கத்தத் தபால நம்ப முடியாது. தவீத் டவுன்ல கூரியர் ஆபீஸ் இருக்கு, மத்தியானத்தோட மூடிடுவான். இந்த மழையில என் கார் இறங்காது. உன் வண்டின்னா..."

உள்ளேயிருந்து எஃப்ராயினின் மனைவி மிரெயா வந்துவிட்டாள். பட்டு உடையும் காதில் தொங்கட்டானுமாக, மகள் வீட்டு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பி நின்றாள்.

"பேத்தி தலையில தண்ணி ஊத்தறப்ப தாத்தா எங்கேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? யாரோ ஊர்த் தேர்தலுக்குப் போயிட்டார்னா?"

"ஒரு மனுஷனோட ஓட்டு, மிரெயா."

"நம்ம ஊர்ல அவர் காலு வச்ச நாள்லேருந்து ஒரு வார்த்தை ஸ்பானிஷ் கத்துக்கல. அவர் ஓட்டுக்கு நீங்க அலையறீங்க" என்று முணுமுணுத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர்களின் காரில் ஏறிக்கொண்டாள்.

பாதி மலை இறங்கியதும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. எஃப்ராயின் காப்பித் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது.

"நான் இறங்கித் தள்ளலாம்தான்" என்றார் நோர்பர்ட், உறையை நெஞ்சோடு அணைத்தபடி. "இது நனைஞ்சிட்டா மை கலைஞ்சிடும்."

"நீங்க இருங்க மிஸ்டர்."

ஞானஸ்நானத்துக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எஃப்ராயின் மண்டியிட்டுச் சேற்றை வாரினார். சக்கரத்தடியில் வண்டிக்குள் கிடந்த மிதியடியைக் கொடுத்தார், கல்லைக் கொடுத்தார். ஜன்னல் வழியே நோர்பர்ட் பேசிக்கொண்டே இருந்தார்.

"இங்க எங்க ஆளுங்க எத்தன பேர் இருக்கான், ஒருத்தன் ஓட்டுப் போடறானா பாரு. வராந்தாவுல உக்காந்து ஊரத் திட்டத் தெரியும். எவ்வளவு தூரத்துல இருந்தா என்ன, சூடு சொரணை வேண்டாமா?"

"சரியாச் சொன்னீங்க" என்றார் எஃப்ராயின் மூச்சிரைக்க. உண்மையிலேயே அவருக்கு மெய் சிலிர்த்தது. இப்படி ஒரு மனிதன் பக்கத்து வீட்டில் இருப்பதே பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

கூரியர் அலுவலகத்தில் ஒரு பெண் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை அனுப்பினா போய்ச் சேராதும்மா. உள்ள இருக்கறது ஓட்டு. இவரால ஊருக்குப் போக முடியாது, ஓட்டாவது போகட்டும்."

தலையிலிருந்து கால்வரை சேறு சொட்ட நின்றவரை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

தேர்தலுக்கு மறுநாள் நோர்பர்ட்டின் வீட்டில் ஒரே கூத்து. ஊரிலிருந்து அவருடைய தங்கை போன் செய்திருந்தாள். தெருவையே கூப்பிட்டு ரம் ஊற்றினார்.

"ஜெயிச்சிட்டோம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். ஒரே ஓட்டு." எஃப்ராயினின் தோளில் கை போட்டார். "இவன் மட்டும் இல்லேன்னா என் ஓட்டு அந்தச் சேத்துலயே கிடந்திருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஞானஸ்நானத்து நாளிலிருந்து சரியாக முகம் கொடுத்துப் பேசாத மிரெயாகூட, கணவரைப் பெருமையோடு பார்த்தாள்.

"இப்பவாச்சும் சொல்லலாமில்ல மிஸ்டர்?" என்று கேட்டார் எஃப்ராயின். "ஜெயிச்சது யாரு?"

"ஆள் இல்லப்பா, ஒரு புதுச் சட்டம். எங்க தெருக்காரி ஒருத்தி ஸ்பெயின்ல போய்க் குடியேறிட்டா. அங்கேருந்துக்கிட்டே பள்ளிக்கூடம் வேணாம், பாலம் வேணாம்னு எல்லாத்துலயும் மூக்க நுழைச்சா. ஊர விட்டுப் போனவளுக்கு ஊர் விவகாரத்துல என்ன வேலை?"

நோர்பர்ட் கோப்பையை உயர்த்தினார்.

"இனிமே வெளிநாட்டுல குடியிருக்கற ஒருத்தனும் எங்க ஊர்ல ஓட்டுப் போட முடியாது."