நீல வாளி

போஞ்சிப் பாத்திகள் இரண்டு பக்கமும் பச்சைப்பசேலென்று நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க நிமலனுக்கு வயிறு எரிந்தது.

விளைந்த பயிரைப் பார்த்து எவனாவது வயிறெரிவானா? எரிந்தானே, என்ன செய்வது.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே கிடந்த துண்டு நிலத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான் அவன். சுண்ணாம்பைக் கொட்டிக் கொட்டிக் கெட்டுப்போன மண். மண்ணுக்குள் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் கொழுந்தெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அந்த இரும்பை இழுத்து வேருக்கு ஊட்டிவிடுகிற நுண்ணுயிர்களைக் கேனில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

இடப்பக்கத்துக்குச் சிவப்பு வாளியில் அந்த மருந்துத் தண்ணீர். வலப்பக்கத்துக்கு நீல வாளியில் வெறும் தண்ணீர். நாளைக்குக் கொழும்பிலிருந்து வரும் பெரியவர்கள் ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் மஞ்சளுமாகக் கண்ணால் பார்த்தால்தான் திட்டத்துக்குப் பணம் வரும். அவனுடைய வேலையும் நிரந்தரமாகும்.

கண்டியில் ஒரு மாசப் பயிற்சி முடித்துத் திரும்பினால், மஞ்சளையே காணோம்.

"நான் அப்பவே சொன்னேன் சேர்," என்றான் கூட வந்த உதவியாளன் றிஸ்னி. "இந்த மருந்து வந்தா யாவாரம் போயிரும்னு டவுன் உரக்கடைக்காரன் சும்மா இருப்பானா? தண்ணி ஊத்துற பொம்பளைட கையில எதையாவது திணிச்சிருப்பான்."

நிமலன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். சிவப்பு வாளி ஈரமாக இருந்தது. நீல வாளிக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது.

தண்ணீர் ஊற்றுகிற இராக்கம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"நீல வாளியில தண்ணி மொண்டு எவ்வளவு நாளாச்சு?"

"நீங்க போனதிலேருந்து மொள்ளல சேர். ரெண்டு பக்கத்துக்கும் செகப்பு வாளிதான்."

பொய் சொல்லுவாள் என்று நினைத்திருந்தான். அவள் கூசாமல் ஒத்துக்கொண்டது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"யாரு காசு குடுத்தது?"

"யாரும் குடுக்கல."

"பிறகு? படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன், வலப்பக்கத்துக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னு?"

"கேன் நெறைய மருந்து இருந்துச்சே சேர். பத்தலேன்னா விட்டிருப்பேன். வச்சுக்கிட்டே குடுக்காம இருக்க மனசு வரல."

"மனசா?" நிமலனுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. "செடிக்கு என்னம்மா மனசு? ஒரு பக்கத்துக்குக் குடுக்காம விட்டாத்தான் வித்தியாசம் தெரியும். அது தெரிஞ்சிருந்தா, உங்க லயத்துத் தோட்டத்துக்கெல்லாம் இந்த மருந்து வந்திருக்கும். எல்லாத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே. இந்த மாசம் உங்களுக்கு ஒரு நாள் பேர் போட மாட்டேன். ஒரு நாள் சம்பளம் கிடைக்காது."

"போடாட்டிப் பரவால்ல." அவள் வலப்பக்கத்துப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"எவங்க?"

"போன வருசம் வந்தவங்க. உங்கள மாதிரிப் படிச்சவங்கதான், நல்லாப் பேசுவாங்க. மேல் லயத்துப் புள்ளத்தாச்சிங்களுக்கெல்லாம் இரும்புச்சத்து மாவுப் பெட்டி குடுத்தாங்க. கீழ் லயத்துக்கு இல்ல. எங்க பொண்ணுங்கள நிறுத்துப் பாத்துட்டு, ஊசியில இரத்தம் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. ஏன் சாமி எங்களுக்கு இல்லேன்னு கேட்டேன். ஒரு பக்கம் குடுக்காம விட்டாத்தான் வித்தியாசம் தெரியும், தெரிஞ்சா எல்லாருக்கும் வரும்னாங்க. என் மக தயானி கீழ் லயம்."

றிஸ்னி செருப்பைப் பார்த்தான்.

"இப்ப அவ..." என்று நிமலன் இழுத்தான்.

"தலைப்புள்ளையில போயிட்டா. ஒடம்புல இரத்தமே இல்லேன்னுட்டாங்க."

அவள் குனிந்து சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டாள்.

"கடைசியில கூட்டம் போட்டுச் சொன்னாங்க சேர். வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுச்சாம்."