விட்டுப்போன பெயர்

14 அக்டோபர், செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. லிங்க்ட்இன் பாஸ்வேர்டைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் ஆறு பேர் என்று குறித்திருந்தேன். ஏழு பேர். என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

இன்று காலை மேனேஜர் தமிழ்வாணன் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் பெயராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கௌதம், லாவண்யா, இன்னும் நான்கு பேர். அறைக் கதவு மூடியிருந்தும் அவர் போட்ட சத்தம் சென்னீர்குப்பம் ஹைவே வரை கேட்டிருக்கும்.

"அதுல இருக்கிற கஸ்டமர் எல்லாம் கம்பெனி கஸ்டமர். நாளைக்கு சாயங்காலம் பாஸ்வேர்டு வரணும். இல்லேன்னா ராஜினாமா லெட்டர் வரணும்!"

"காலேஜ் படிக்கசொல்லோ நான் ஆரம்பிச்ச அக்கவுண்ட்டு சார் அது. என் பேரு, என் போட்டோ. உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று கௌதம் கத்தினான்.

வெளியே வந்தவன் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"மதி, ஆபீஸ்ல பாதிப் பேரு இன்னும் குடுக்கல. குடுக்கவே மாட்டோம்னு பேசிகினது நாம ஏழு பேருதான். அந்தாளு கைக்கு லிஸ்ட்டு எப்டிப் போச்சு? உன்ன மட்டும் ஏன் கூப்டல?"

"போட்டுக் குடுத்துட்டு எப்டி உக்காந்துகினு கீது பாரு" என்றாள் லாவண்யா.

நான் எழுந்து நின்றேன். "இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல!" இங்கே நான் குரலை உயர்த்தியது இதுதான் முதல் முறை. யாரும் நம்பவில்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே தைரியம் உதயகுமார் அண்ணன். போன வருடமே இந்த வேலையை விட்டுப் போனவர். அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. லிங்க்ட்இன்னில்தான் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். 'பயப்படாதே, உன்னோடு யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதி அனுப்பு, வக்கீலிடம் காட்டுகிறேன்' என்றார். நேற்று அந்த ஆறு பேரின் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அவரே நின்றிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, உங்க மெசேஜ் மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ பாஸ்வேர்ட குடுத்துட்டிருப்பேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா மெசேஜும்மா? நான் வேலய உட்ட அன்னிக்கே அந்த அக்கவுண்ட்ட தமிழ்வாணன் புடுங்கிகினாரே!"

நாளைய வேலை: எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போய், பட்டியலைக் கொடுத்தது நான்தான் என்று ஆறு பேரிடமும் சொல்ல வேண்டும். முதலில் கௌதமிடம்.