மேஸ்திரியின் எடை

குன்னூருக்குக் கீழே அந்த டீ பேக்டரியில் தேயிலை மூட்டைகளை எடை போடுகிறவள் மூக்கம்மா. இருபது வருஷம் மூட்டை தூக்கி இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எலி பிடிக்க வளர்த்த பூனைக்கு அங்கே மேஸ்திரி என்று பெயர். ஒரு நாளும் லீவு போடாத ஒரே ஆள் அதுதான் என்று மூக்கம்மா பெருமையடித்துக்கொள்வாள்.

டீ நேரத்தில் மேஸ்திரி எடை மேடையில் ஏறிப் படுக்கும். கொழுத்த பூனைதான், ஆனால் தராசு முள் அசையாது. பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு ஏறினால் பெருச்சாளியின் எடையை மட்டும் காட்டும். மேஸ்திரி என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் அதைப் பார்த்ததும் தராசு கெட்டுப்போச்சு என்றார். படிக்கல் வைத்துப் பார்த்தார். முள் சரியாகவே நின்றது. அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"பூனையைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்ரும்மா."

மூக்கம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். முள் ஐம்பத்திரண்டு கிலோவுக்குப் போனது. படுத்திருந்த மேஸ்திரியை வாரி மார்போடு அணைத்தாள். முள் மெல்லத் திரும்பி வந்து ஜீரோவில் நின்றது.

"இறங்கும்மா," என்றார் மேனேஜர்.

மூக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க தொரை, முட்டி வலிக்கவே இல்லீங்க. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்னுக்கட்டுங்களா?"