நிலைப்படி இல்லாத வீடு

'நல்ல தண்ணீர் வசதி' வரைக்கும் எழுதியாயிற்று.

அடுத்த வரி வரவில்லை.

செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள் செண்பகம். சுவரில் சாய்ந்து நின்றது புது மரக்கட்டை. ஆசாரி நேற்றே இழைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார். நாளைக்கு வந்து நிலைக்குக் கீழே பொருத்திவிடுவார்.

அப்புறம் இதுவும் எல்லார் வீட்டையும் போல ஒரு வீடு.

விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுவிடலாம்.

என்ன எழுத வேண்டும் என்று புரோக்கர் சுடலைமணி பாடமே எடுத்திருந்தான். கிழக்கு பார்த்த வாசல் என்று தொடங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று போட வேண்டும்; பக்கமில்லாவிட்டாலும் போட வேண்டும். படிக்கிறவன் படிக்கும்போதே பால் காய்ச்சிவிட வேண்டும். கெட்டிக்காரன்தான். பாளையங்கோட்டையில் பாதி வீட்டை அவன் வாய்தான் விற்றது.

அவனே இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"செண்பகக்கா, நிலைப்படி இல்லாத வீட்ட எவன் வாங்குவான்? வெள்ளிக்கிழம மஞ்சக் குங்குமம் எங்கன வைப்பான்? மொதல்ல ஒரு கட்டயப் போடுங்க. சுவிட்சையெல்லாம் மேல ஏத்துங்க. எதுக்கு இப்படி இருக்குன்னு ஒருத்தன் கேட்டுட்டான்னா என்ன பதில் சொல்லுவிய?"

பதில் இருந்தது.

மகள் கோமதிக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது. சின்னப் பிள்ளையாக இருந்தவரை செண்பகம் இடுப்பில் தூக்கினாள். மகள் வளர்ந்தாள். அம்மாவின் இடுப்பு வளரவில்லை. சக்கர நாற்காலி வந்தது.

நாற்காலி வாசல்வரை ஓடும். நிலைப்படியில் இடித்து நின்றுவிடும்.

ஒருநாள் காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. செண்பகம் கொல்லையில் இருந்தாள். ஓடிவந்து பார்த்தால், நிலைப்படிக்கு உள்பக்கம் கோமதி. கூப்பிடவுமில்லை, அழவுமில்லை. அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஆசாரியை வரவழைத்தாள்.

வேண்டாம் தாயி, இது ஆகாது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரம்பத்தை வாங்கி முதல் இழுப்பை இவளே இழுத்தாள். பிறகு உள்கதவுகள். சக்கரத்தைத் தள்ளும்போது பிள்ளையின் விரல்முட்டி நிலையில் உரசி ரத்தம் வரும். அவற்றையும் அகலமாக்கினாள். சுவிட்சுகளைக் கீழே இறக்கினாள்.

அதன்பின் கோமதியைப் பிடிக்க முடியவில்லை. கொத்தமல்லி வாங்கப் போனால் தெருவில் எல்லார் வீட்டு நியாயத்தையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

போன வருசம் ஆவணியில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட இல்லை.

கேதம் விசாரிக்க வந்த ஒருத்தி, வெளியே கால் வைக்கும்போது குனிந்து பார்த்துச் சொன்னாள். நிலைப்படிய அறுத்த வீடு எப்படி விளங்கும்?

அபத்தமான பேச்சு. அது செண்பகத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுப்படியில் நிற்கும்போதும் ரம்பத்தின் சத்தம் காதுக்குள் கேட்டது. நான்தான் கொன்றேனோ என்று இருந்தது. கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்று தங்கை கூப்பிட்டபோது சரி என்றுவிட்டாள்.

செல்போனை எடுத்தாள்.

கிழக்கு பார்த்த வாசல். அது உண்மை. இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் என்பதை அழித்தாள்.

பிறகு எழுதினாள்.

வாசலில் நிலைப்படி கிடையாது. வேண்டுமென்றே எடுத்தது.

கதவுகள் அகலம்.

சுவிட்சுகள் உட்கார்ந்தபடி எட்டும்.

இந்த வீட்டுக்குள் யாரும் யாரையும் தூக்க வேண்டாம்.

அனுப்பிவிட்டு, ஆசாரிக்குப் போன் போட்டு இப்போதைக்கு வர வேண்டாம் என்றாள்.

சுடலைமணி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். விக்கிறதுக்கு எழுதுனியளா, விரட்டுறதுக்கு எழுதுனியளா என்று கேட்டான். ஆனாலும் ஒரு சொல்லை மாற்றாமல் விளம்பரத்தைப் போட்டான்.

ஒருவரும் கூப்பிடவில்லை.

மழைக்காலம் வந்தது. வாசலில் கிடந்த கட்டை நனைந்து கறுத்தது. பேசாமல் அவன் சொன்னபடியே செய்திருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்த ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

தென்காசியிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். விலை கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை, கேளுங்கப்பா, கேளுங்கப்பா என்று அவசரப்படுத்தியது.

"உள்ரூம் கதவுல வீல்சேர் போவுமாக்கா? அளவு சொன்னியன்னா நல்லாருக்கும்."

அளவு அவளுக்கு மறந்துபோயிருந்தது.

எழுந்து உள்ளே போனாள். கதவு நிலையில் கையை வைத்தாள்.

"போவும் தம்பி," என்றாள்.

"பிள்ளைட்ட சொல்லுங்க. கை உரசாது."