முந்திப் பூத்த மிளகாய்

"அவன்ட மிளகாய் பூத்திட்டுது. என்ட மட்டும் ஏன் பிள்ளை இன்னும் அப்பிடியே நிக்குது?"

தங்கரத்தினம் கதிரையின் நுனியில் இருந்தபடி கம்ப்யூட்டர் திரையை முறைத்தார். திரையில் சிவகுருநாதனின் காணி மஞ்சளாக மாறியிருந்தது. மஞ்சள் என்றால் பயிர் பூத்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் அவருடைய காணி இன்னும் பச்சை.

தொண்டு நிறுவனம் ஒன்று விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த மென்பொருள் அது. காணியின் அளவு, பயிர், நட்ட திகதி மூன்றையும் கொடுத்தால் போதும். எப்போது தண்ணீர், எப்போது உரம், எப்போது பூக்கும், எப்போது பழம் பறிக்கலாம் என்று எல்லாம் சொல்லிவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க அன்புவழிபுரத்திலிருந்து இன்பமலர் என்ற பெண் வந்துபோனாள்.

சிவகுரு ஐயா முந்தி நட்டவர், அதனால் முந்திப் பூத்திருக்கிறது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அதுதான் தங்கரத்தினத்துக்கு எரிந்தது. நடுகிற அன்றைக்குப் பார்த்து இவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரே வேலிக்கு அங்காலும் இங்காலும் காணி வைத்திருக்கிற மனுசன், வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சத்தம் போடாமல் நட்டுவிட்டான்.

பொறாமைதான். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஊரில் வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்வது சிவகுருநாதனின் காணிக்கு. கோயில் கூட்டத்தில் முன் கதிரை அவனுக்கு. தன் மகளுக்கென்று மனதில் வைத்திருந்த மாப்பிள்ளையைக் கூட அவன்தான் கொத்திக்கொண்டு போனான். மிளகாயுமா அவனுக்கு முந்திப் பூக்க வேண்டும்? இந்தப் போகத்திலாவது அவனை முந்தாவிட்டால் தன் மானம் போய்விடும் என்று இரண்டு நாளாய் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. உங்களுக்கென்ன விசரோ என்று கேட்டுவிட்டு மனைவி கமலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தான் நட்ட திகதியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

"ஏலாது ஐயா. நட்டது நட்டதுதான்."

பயிர் அழிந்தால் இதில் எப்படிப் பதிவது என்று அடுத்ததாக விசாரித்தார். நோய், வெள்ளம், மாடு என்று காரணத்தைக் கொடுத்தால் காணி சிவப்பாகிவிடும் என்றாள் இன்பமலர். தங்கரத்தினத்தின் முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவன்ட காணிக்குள்ள மாடு பூந்திட்டுது எண்டு போடு பிள்ளை."

"ஆர்ட மாடு?"

"என்ட மாடுதான். தண்டம் கேட்டா நான் கட்டுறன்."

அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சிவகுருநாதன் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

தங்கரத்தினத்துக்குக் காது சுட்டது. முன்னொரு காலம் மாடு வேலி பாய்ந்ததற்காக இருவரும் மண்வெட்டியைத் தூக்கியவர்கள். வரிசையில் நின்றவர்கள் விலக்குப் பிடிக்கக் கிட்ட வந்தார்கள்.

சிவகுருநாதன் சண்டைக்கு வரவில்லை. திரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு காணிகளையும் பார்த்தபடி நின்றார். போரில் செல்லடிக்குப் பயந்து தங்கள் ஊரான சம்பூரை விட்டு ஓடிவந்து, இந்த அகதி முகாமில் கூடாரமும் நிவாரண அரிசியுமாய் இரண்டு வருடம் கழிந்துவிட்டது. காணிகள் இராணுவத்தின் வேலிக்குள் போய்விட்டன. இருவரும் மிளகாய் நட்டது இந்தப் பயிற்சிக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான்.

"போடு பிள்ளை," என்றார் சிவகுருநாதன். "எங்கட ஊருக்கு மாடாவது போகட்டும்."